கேட்டராக்ட் ஆபரேஷன்: பேக்கேஜுக்கு மட்டும் இல்ல, அடுத்த ஏழு நாளுக்கும் பட்ஜெட் போடுங்க



வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆன பலருக்கு, அப்பா அம்மாவுக்காகத் தன் சம்பளத்துல செய்யற முதல் பெரிய மெடிக்கல் செலவு எதுன்னு பார்த்தா, பெரும்பாலும் கண்புரை ஆபரேஷன்தான். அதுக்கு நாம கேக்குற கேள்விகளும் எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான். எந்த லென்ஸ்? எவ்வளவு ஆகும்? கேஷ்லெஸ் கிடைக்குமா? எத்தனை நாள் லீவு போடணும்?

ஒரு கேள்விய மட்டும் யாரும் கேக்கறதில்ல. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாறு நாள் கழிச்சு, ராத்திரி நேரத்துல கண்ணு சிவந்து பார்வை மங்குனா, யார் கூட்டிட்டுப் போறது, எங்க கூட்டிட்டுப் போறது, எந்தப் பணத்துல? வீடியோவுல இதை ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். நிறைய பேர் விவரம் கேட்டதால இங்க முழுசா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கேட்டராக்ட் ஆபரேஷன் ரொம்பப் பாதுகாப்பானது. பயந்துட்டுத் தள்ளிப் போடாதீங்க. புரை முத்திப் போனா ஆபரேஷன் இன்னும் சிக்கலாகும். இந்தக் கட்டுரை பயமுறுத்துறதுக்கு இல்ல, பணத்தையும் லீவையும் சரியான இடத்துல வைக்கிறதுக்கு.

அமராவதிபுதூர் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். அப்பா அம்மா அமராவதிபுதூர்ல இருக்காங்க. பையனுக்குச் சென்னையில ஐடி வேலை. வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஊருக்கு வர்றார். அன்னைக்கே மதுரையில அம்மாவுக்கு ஆபரேஷன். சனிக்கிழமை கட்டுப் பிரிச்சுப் பாக்கறாங்க, பார்வை பளிச்சுன்னு இருக்கு. ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை விடிய காரைக்குடியில பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறிடறார். செட்டிநாட்டுப் பக்கம் பாதி வீட்டுல நடக்குற கதை இதுதான்.

இப்ப நோயோட கால அட்டவணையப் பாருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணுக்குள்ள கிருமி புகுந்து வர்ற தீவிரத் தொற்றுக்கு எண்டாஃப்தால்மைடிஸ்னு பேரு. இதுக்குச் சிகிச்சை எப்படி செய்யணும்னு அமெரிக்காவுல 420 நோயாளிகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து, 1995-ல முடிவு வெளியாச்சு. இன்னைக்கும் கண் டாக்டர்கள் மேற்கோள் காட்டுற ஆய்வு அது. அதுல அறிகுறி ஆரம்பிச்ச நாளோட இடைநிலை அளவு, ஆபரேஷன் முடிஞ்ச ஆறாவது நாள்.

வெள்ளிக்கிழமையில இருந்து ஆறு நாள் எண்ணுங்க, வியாழக்கிழமை. பையன் சென்னையில மீட்டிங்ல இருப்பார். அம்மா போன்ல, "லேசா செவந்திருக்குப்பா, நீ வேலையப் பாரு"ன்னு சொல்வாங்க. "சரிம்மா, சனிக்கிழமை வந்துடறேன், சேர்ந்தே போலாம்"னு பையன் சொல்வார். இந்த ரெண்டு நாள்தான் ஆபத்து. நம்ம லீவு முடியற நேரத்துல இந்த நோய்க்கு நேரம் ஆரம்பிக்குது.

இது எவ்வளவு பேருக்கு வரும்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-ல டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அவங்க டாக்டர்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கேட்டராக்ட் ஆபரேஷன்களோட கணக்கை அலசி 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆபரேஷன் முடியற நேரத்துல கண்ணுக்குள்ளயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்கிற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தாதவங்கள்ல 0.07 சதவீதம் பேருக்குத் தொற்று. செலுத்துனவங்கள்ல 0.02 சதவீதம். அதாவது 10,000 பேருக்கு 7 பேர் இருந்தது, 2 பேராக் குறைஞ்சது.

இதுல நமக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, நல்லா நடக்குற இடத்துல இது ரொம்ப அபூர்வம். ரெண்டு, அரவிந்த்ல இலவச நோயாளிகளும் பணம் கட்டுற நோயாளிகளும் லட்சக்கணக்குல வர்றாங்க. அதனால இலவசம்னா ஆபத்து, காஸ்ட்லின்னா பாதுகாப்புன்னு முடிவு பண்ணாதீங்க. பேக்கேஜ் விலைய விட, கிருமி நீக்குற ஒழுங்குதான் கண்ணைக் காப்பாத்துது.

அந்த ஒழுங்கு தவறுனா என்ன ஆகும்னு நம்ம மாநிலமே பார்த்திருக்கு. 2008 ஜூலையில, அப்போதைய விழுப்புரம் மாவட்டம் கடுவனூர்ல, திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை ஒரு இலவச கண் முகாம் நடத்துச்சு. தேர்வானவங்களுக்கு அந்த மருத்துவமனையோட பெரம்பலூர் கிளையில ஆபரேஷன். அதுல 66 பேர் ஆபரேஷன் செஞ்ச கண்ணுல பார்வை இழந்தாங்க. பெரும்பாலும் ஏழைக் கிராமத்து மக்கள். மாநில அரசு தலா 1 லட்சம் ரூபாய் கொடுத்துச்சு, வழக்கு சிபிஐ வரைக்கும் போச்சு. 2021 நவம்பர்ல பீகார் முசாபர்பூர்ல ஒரே நாள்ல 65 பேருக்கு ஆபரேஷன் நடந்து, பத்துக்கும் மேற்பட்டவங்களுக்குத் தொற்று முத்தி, கண்ணையே எடுக்க வேண்டியதாச்சு.

தனியா ஒருத்தருக்கு வர்ற தொற்று, எல்லாம் சரியா செஞ்சும் வரலாம். பல நேரம் நோயாளியோட இமையிலயும் கண்ணைச் சுத்தியும் இருக்கற கிருமியே காரணமா இருக்கும். ஆனா ஒரே தியேட்டர்ல, ஒரே நாள்ல பல பேருக்கு வந்தா, திரவமோ கருவியோ ஸ்டெரிலைசேஷனோ ஏதோ ஒரு பொதுவான இடத்துல ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

எந்த அறிகுறிக்குப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பணும்?

இது ஃபைனான்ஸ் ப்ளாக்தான். ஆனாலும் இந்தப் பகுதிய மட்டும் அப்படியே அம்மா அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

- தெளிஞ்ச பார்வை மறுபடி மங்குது
- சிவப்பு குறையாம நாளுக்கு நாள் கூடுது
- வலி புதுசா வருது, இல்ல கூடிக்கிட்டே போகுது
- இமை வீங்குது, பீளை தள்ளுது
- கருவிழிக்குப் பின்னாடி அடியில வெள்ளையாப் படிஞ்ச மாதிரி தெரியுது

மேல சொன்ன 1995 ஆய்வுல 94 சதவீதம் பேருக்குப் பார்வை மங்கல் இருந்துச்சு, 82 சதவீதம் பேருக்குச் சிவப்பு. வலி 74 சதவீதம் பேருக்குத்தான். அதாவது நாலுல ஒருத்தருக்கு வலியே இல்ல. அதனால "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டு, "இல்ல"ன்னு பதில் வந்தா நிம்மதி ஆகிடாதீங்க. "நேத்தைக்குத் தெரிஞ்ச அளவு இன்னைக்கும் தெரியுதா?"ன்னு கேளுங்க. நல்ல கண்ணை மூடிக்கிட்டு, ஆபரேஷன் செஞ்ச கண்ணால மட்டும் சுவர்ல இருக்கற காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்க. முதல் வாரம் முழுக்க தினம் காலையில ஒரு போன், இந்த ஒரு கேள்வி. பைசா செலவில்லாத இன்சூரன்ஸ் இது.

ஏன் இவ்வளவு அவசரம்? இதுக்கான முக்கியச் சிகிச்சை, கண்ணுக்குள்ள நேரா ஆன்டிபயாடிக் ஊசி. கையசைவாவது தெரியற நிலையில வந்தவங்களுக்கு இந்த ஊசியே, பெரிய ஆபரேஷன் அளவுக்குப் பலன் தந்துச்சுன்னு அந்த ஆய்வு சொல்லுது. வெறும் வெளிச்சம் மட்டும்தான் தெரியுதுங்கற நிலைக்குப் போனவங்களுக்கு விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்லை எடுக்குற ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. எவ்வளவு சீக்கிரம் போறோமோ, அவ்வளவு சின்னச் சிகிச்சை, அவ்வளவு சின்ன பில். சிகிச்சை எடுத்தவங்கள்ல பாதிக்கும் மேல நல்ல பார்வையோட வெளிய வந்தாங்கன்னும் அதே ஆய்வு சொல்லுது. வந்துட்டா எல்லாம் போச்சுன்னு இல்ல, லேட் பண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். விட்ரெக்டமி செய்யறவர் ரெட்டினா ஸ்பெஷலிஸ்ட். கேட்டராக்ட் செய்யற எல்லா இடத்துலயும் அவர் இருக்க மாட்டார். அமராவதிபுதூர்ல இருந்து மதுரையோ திருச்சியோ, எப்படியும் ரெண்டு மணி நேரப் பயணம். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு வண்டி யார் வண்டி, டிரைவர் நம்பர் என்னன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும்.

பாலிசிய இப்பவே பிரிச்சுப் பாருங்க

இன்சூரன்ஸ்ல கேட்டராக்ட்டுக்குன்னே தனியா விதிகள் இருக்கு. நாலு இடத்தைப் பாருங்க.

1. வெயிட்டிங் பீரியட். ரீட்டெய்ல் பாலிசியில கேட்டராக்ட்டுக்குப் பொதுவா 24 மாசம் காத்திருக்கணும். இந்த மாசம் பாலிசி எடுத்து அடுத்த மாசம் ஆபரேஷன்ங்கறது நடக்காது. அப்பாவுக்கு 58 வயசுல எடுத்தா 60-ல பயன்படும்.

2. சப்-லிமிட். எல்லா கம்பெனியும் விக்கிற ஆரோக்ய சஞ்சீவனி ஸ்டாண்டர்ட் பாலிசிய எடுத்துக்கங்க. ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், ரெண்டுல எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. 1 லட்சம் பாலிசின்னா 25,000. 5 லட்சம் பாலிசின்னாலும் 40,000-க்கு மேல இல்ல. அதுக்கு மேல 5 சதவீதம் கோ-பே. பேக்கேஜ் 35,000-ன்னு வெச்சுக்கிட்டா, 1 லட்சம் பாலிசிக்காரர் 10,000-க்கு மேல கையில இருந்து போடணும்.

3. தொற்று வந்தா அது புது க்ளெய்மா, பழைய க்ளெய்மா? இதைத்தான் யாரும் பாக்கறதில்ல. ஹெல்த் பாலிசிகள்ல 'எனி ஒன் இல்னஸ்'னு ஒரு வரையறை இருக்கும். கடைசியா டாக்டரைப் பார்த்த தேதியில இருந்து 45 நாளுக்குள்ள அதே பிரச்சினை திரும்பினா, ஒரே நோயாத்தான் கணக்குங்கறது அதோட சாரம். ஆபரேஷன் முடிஞ்ச ஆறாவது நாள் வர்ற தொற்றையும் கேட்டராக்ட் கணக்குலயே சேர்த்து, அதே சப்-லிமிட்டுக்குள்ள அடைக்க இன்சூரன்ஸ் கம்பெனி முயற்சி பண்ணலாம். 40,000-ல 35,000 ஏற்கனவே போயாச்சுன்னா மீதி 5,000-தான். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே கம்பெனிக்கோ டிபிஏ-வுக்கோ ஒரு மெயில் போடுங்க: "கேட்டராக்ட்டுக்கு அப்புறம் எண்டாஃப்தால்மைடிஸ் வந்து, ஊசியோ விட்ரெக்டமியோ தேவைப்பட்டா, கேட்டராக்ட் சப்-லிமிட் அதுக்கும் பொருந்துமா?" பதில் எழுத்துல வேணும். கஸ்டமர் கேர்ல வாயால சொன்னது க்ளெய்ம் அன்னைக்கு உதவாது.

4. கண்ணுக்குள்ள போடற ஊசி. இதை நவீன சிகிச்சைகள் பட்டியல்ல ஐஆர்டிஏஐ சேர்த்திருக்கு. ஆரோக்ய சஞ்சீவனியில இதுக்குக் காப்பீட்டுத் தொகையில 50 சதவீதம் வரை வரம்பு. உங்க பாலிசியில எவ்வளவுன்னு பாருங்க. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் எத்தனை நாள் செலவு கவர் ஆகும்னும் சேர்த்துப் பாருங்க. ஆரோக்ய சஞ்சீவனியில 60 நாள். ரிவ்யூ ஃபீஸ், சொட்டு மருந்து எல்லாத்துக்கும் பில் வாங்கி வைங்க.

ஆபீஸ் குரூப் பாலிசியில பேரன்ட்ஸ் கவர் இருந்தா நல்லது. நிறைய குரூப் பாலிசியில வெயிட்டிங் பீரியட் கிடையாது. ஆனா கேட்டராக்ட் வரம்பு அங்கயும் இருக்கும். இன்னொண்ணு, ரெண்டு கண்ணையும் பொதுவா ஒரே நாள்ல செய்ய மாட்டாங்க, இடைவெளி விடுவாங்க. ஒரு கண்ணை முடிச்சுட்டுப் பேப்பர் போட்டுட்டு வேற கம்பெனிக்குப் போனா, ரெண்டாவது கண்ணுக்குக் கவர் இருக்காது. வேலை மாறுற ஐடியா இருந்தா இதையும் கணக்குல எடுங்க.

அவசர நேரத்துல கேஷ்லெஸ் அப்ரூவலுக்காக ஊசியைத் தள்ளிப் போடாதீங்க. பணத்தைக் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்ல வாங்கிக்கலாம்.

முதல் வார ஃபண்ட்

என்னோட சிம்பிள் ரூல் இது: பேக்கேஜ் எவ்வளவோ, அதே அளவு தொகை இன்னொரு பங்கு கையில இருக்கணும். 35,000 பேக்கேஜ்னா இன்னொரு 35,000. மதுரை போய்வர வண்டி, ஒரு நாள் ரூம், முதல் நாள் கட்டுற பணம், புது மருந்து, இதுக்கெல்லாம். ஒண்ணும் ஆகலன்னா (பெரும்பாலும் ஆகாது) ஒரு மாசம் கழிச்சு எஸ்ஐபி-யில போட்டுக்கங்க.

இந்தப் பணம் மியூச்சுவல் ஃபண்ட்ல இருக்கக் கூடாது. சேவிங்ஸ் அக்கவுண்ட்லயோ, உடனே உடைக்கிற எஃப்டி-யிலயோ இருக்கணும். அதுல கொஞ்சம் அம்மா அப்பா கையில ரொக்கமா இருக்கட்டும். நீங்க வியாழக்கிழமை மீட்டிங்ல இருக்கறப்ப, "பையன் பணம் அனுப்பட்டும்"னு அவங்க காத்திருக்கக் கூடாது பாருங்க.

"பேசாம மல்டிஃபோகல் லென்ஸே போட்டுடலாம், கூட முப்பதாயிரம்தானே"ன்னு ஆசை வரும். போடலாம், தப்பில்ல. ஆனா அந்த முப்பதாயிரத்தைக் கொடுத்துட்டா கையில மிச்சமே இல்லன்னா, சாதாரண மோனோஃபோகல் போதும். படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்குவாங்க. கண்ணாடி போடாம பேப்பர் படிக்கறது வசதி, முதல் வாரத்துல கையில பணம் இருக்கறது பாதுகாப்பு. ரெண்டுல ஒண்ணுதான்னா நான் பாதுகாப்பைத்தான் சொல்வேன்.

லீவையும் இதே மாதிரி பிரிங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள் லீவு போடாம, அந்த நாளை ஆறாம் ஏழாம் நாளுக்கு மிச்சம் வைங்க. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருந்தா, ஒருத்தர் ஆபரேஷன் அன்னைக்கு, இன்னொருத்தர் அடுத்த வியாழன் வெள்ளிக்கு வரலாம். மேனேஜர்கிட்ட முன்னாடியே, "அடுத்த வாரம் ரெண்டு நாள் ஊர்ல இருந்து வொர்க் ஃப்ரம் ஹோம் தேவைப்படலாம்"னு சொல்லி வெச்சிடுங்க.

மருத்துவமனையில கேக்க வேண்டியது

தயங்காம கேளுங்க. நல்ல இடத்துல இதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்வாங்க.

- ஆபரேஷன் முடிவுல கண்ணுக்குள்ள ஆன்டிபயாடிக் போடுவீங்களா?
- ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணைப் போவிடோன் அயோடின் போட்டுச் சுத்தம் செய்வீங்களா?
- கண்ணீர்ப் பாதையில அடைப்போ சீழோ இருக்கான்னு பார்த்தாச்சா? சுகர் எவ்வளவு இருந்தா ஆபரேஷனைத் தள்ளி வைப்பீங்க?
- ராத்திரி, ஞாயிறு அவசரம்னா எந்த நம்பர்? எடுக்கறது டாக்டரா, ரிசப்ஷனா?
- தொற்று வந்தா இங்கயே ரெட்டினா டாக்டர் இருக்காரா, இல்லன்னா எங்க அனுப்புவீங்க? அந்தச் செலவு பேக்கேஜ்ல சேருமா?

பேப்பர் எல்லாம் ஒரு ஃபைல்ல

டிஸ்சார்ஜ் சம்மரி, லென்ஸ் ஸ்டிக்கர், கன்சென்ட் ஃபார்ம் காப்பி, எல்லா பில்லும் ஒரே ஃபைல்ல இருக்கட்டும். சொட்டு மருந்தோட அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீங்க, அதுல பேட்ச் நம்பர் இருக்கும். 2023-ல இலங்கையில, இந்தியாவுல தயாரான ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்தால, கேட்டராக்ட் ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்குத் தொற்று வந்துச்சு. அதே வருஷம், நம்ம திருப்போரூர்ல குளோபல் ஃபார்மா கம்பெனி தயாரிச்ச செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோட தொடர்புபடுத்தப்பட்ட தொற்று அமெரிக்காவுல 18 மாநிலங்கள்ல 81 பேருக்கு வந்து, 4 பேர் இறந்தாங்க, 14 பேருக்குப் பார்வை போச்சு. எந்த பேட்ச்னு கண்டுபிடிக்க அட்டைப்பெட்டிதான் உதவும்.

ஒருவேளை தப்பு நடந்திருக்குன்னு சந்தேகம் வந்தா, முதல் வேலை கண்ணைக் காப்பாத்துறது. சண்டை அப்புறம். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் கேட்டா, டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் படி 72 மணி நேரத்துக்குள்ள தரணும். எழுத்துல கேளுங்க. நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்க, பிரச்சினை நடந்ததுல இருந்து 2 வருஷம் டைம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே இல்ல.

"முகாம்ல இலவசமா செஞ்சது, நாம என்ன கேக்க முடியும்?"னு பெரியவங்க சொல்வாங்க. 1995-ல சாந்தா வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்குப் பதில் சொல்லிடுச்சு. எல்லாருக்குமே முழு இலவசமா நடத்துற இடம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராது. ஆனா சிலர்கிட்ட கட்டணம் வாங்கிட்டு, சிலருக்கு இலவசமா செய்யற மருத்துவமனைன்னா, இலவச நோயாளியும் நுகர்வோர்தான். தொற்று வந்ததாலேயே டாக்டர் தப்பு செஞ்சார்னு ஆகிடாது, கவனக்குறைவை நிரூபிக்கணும். அதுக்குத்தான் அந்த ஃபைல்.

சுருக்கமா

ஆபரேஷன் தேதி குறிச்சதும் செய்ய வேண்டியது அஞ்சுதான். சப்-லிமிட் பத்தி மெயில். பேக்கேஜுக்குச் சமமா இன்னொரு பங்கு பணம். ஆறாம் ஏழாம் நாளுக்கு ஒரு ஆள். ராத்திரி கூப்பிட ஒரு டாக்டர் நம்பர், ஒரு வண்டி நம்பர். தினம் காலையில, "நேத்து மாதிரி தெரியுதாம்மா?"ன்னு ஒரு போன்.

பதில் "இல்ல"ன்னு வந்தா, சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சொல்லி அப்பவே வண்டி ஏத்தி விடுங்க. நீங்க பின்னாடி போய்ச் சேர்ந்துக்கலாம்.

உங்க ஆபீஸ் பாலிசியில கேட்டராக்ட் வரம்பு எவ்வளவுன்னு பார்த்துக் கமென்ட்ல சொல்லுங்க. மெயிலுக்கு என்ன பதில் வந்துச்சுன்னும் எழுதுங்க, மத்தவங்களுக்கு உதவும். மருத்துவ முடிவுகளை உங்க கண் டாக்டர்கிட்ட கேட்டே எடுங்க.